வாவிக்கரைப் பறங்கியரும் அவர்தம் இளந்தலைமுறையும்

மட்டக்களப்பின் வரலாற்றை எழுதியோர் அதன் குடிமுறைகளையும் வன்னிமைகளையும் கோயில் உரிமைகளையும் பற்றி விரிவாக எழுதிச் சென்றுள்ளனர். எஸ். ஓ. கனகரத்தினம் 1921இல் வெளியிட்ட மாவட்ட வரலாறும், எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியமும், பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் தந்த மட்டக்களப்புத் தமிழகமும் இவ்வகையில் முதன்மையானவை. வாவியின் இருமருங்கிலும் வாழ்ந்த முக்குவர், வேளாளர், கரையார், முஸ்லிம்கள் ஆகியோரின் வரலாற்றை இத்தகைய நூல்களின் துணைகொண்டு ஒருவாறு கட்டியெழுப்பலாம். ஆயினும் புளியந்தீவிலும் கோட்டைமுனையிலும் முகத்துவாரத்தை அண்டிய டச்பாரிலும் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் இன்னொரு சமூகத்தின் வரலாறு தனித்து ஆராயப்படவேண்டியதாகும். பறங்கியர் என்று தமிழர் அழைக்கும் போர்த்துக்கேய வழிவந்த கலப்பின மக்களே அவர்கள்.

எண்ணிக்கையில் இவர்கள் மிகச் சிலர். 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் மட்டக்களப்பு மாவட்டத்துப் பறங்கியர் தொகை ஏறத்தாழ 2,300. 2012இல் அது 2,800ஐ அண்மித்தது. அப்போது மாவட்டத்தின் மொத்தக் குடித்தொகை ஐந்தேகால் இலட்சம். வயல் உடைமையோ, கோயில் உரிமையோ, வன்னிமைப் பட்டமோ இவர்களுக்கு இருந்ததில்லை. மூன்று பேரரசுகளின் கீழும் பின்னர் சுதந்திர நாட்டிலும், ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகள், தம் பிள்ளைகள் சிதறிப்போகாமல் இச்சமூகம் எவ்வாறு காத்துக்கொண்டது என்பது வரலாற்று மாணவர் எழுப்பவேண்டிய வினாவாகும். இதற்கு விடை தேடுவோர் சங்கங்களையும் தலைவர்களையும் மட்டும் நோக்கின் விடையிற் பாதியையே காண்பர்.

கலப்பின மக்களின் வரலாறு உலகின் பல பகுதிகளிலும் உண்டு. அவற்றுள் கனடாவின் மேத்தி மக்களின் வரலாறு ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. மேத்தி என்னும் பிரெஞ்சுச் சொல்லும், மெஸ்திசு என்னும் போர்த்துக்கேயச் சொல்லும் 'கலந்தவர்' எனப் பொருள்படும் ஒரே இலத்தீன் அடியிற் பிறந்தவை. மென்மயிர்த் தோல் வணிகத்துக்காகச் சென்ற பிரெஞ்சு, ஸ்கொத்லாந்துத் தந்தையருக்கும் கிறீ முதலான ஆதிக்குடி மகளிருக்கும் பிறந்த மக்கள், செவ்வாற்றுப் பள்ளத்தாக்கிலே தனியொரு சமூகமாக உருப்பெற்றனர். தம் நிலவுரிமைக்காக 1869 - 70இலும் 1885இலும் லூயி ரியல் தலைமையிற் கிளர்ந்தெழுந்தனர். 1885 நவம்பரில் ரியல் தூக்கிலிடப்பட்டார். நிலமிழந்த மக்கள் பலர் தெருவோர அரச நிலங்களிற் குடிசையமைத்து வாழ நேரிட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆதிக்குடி, மேத்திக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அரசினால் பிரிக்கப்பட்டு வேற்றினத்தார் வீடுகளில் வளர்க்கப்பட்டனர். தம்மை யாரென்று அறியாது வளர்ந்த அப்பிள்ளைகளின் துயரே பிற்கால மேத்தித் தலைவர்களை இளைஞர் பணிக்குத் தூண்டிய காரணங்களுள் ஒன்றாயிற்று. 1980இல் சஸ்கச்சுவான் மாகாணத்தில் ரியலின் படைத்தலைவரான கபிரியேல் டியுமோனின் பெயரால் மேத்தி மக்களே ஒரு கல்வி நிறுவனத்தை அமைத்து, ஆசிரியப் பயிற்சியும் தொழிற்பயிற்சியும் அளிக்கத் தொடங்கினர். 1982ஆம் ஆண்டு அரசியலமைப்பு அவர்களை ஆதிக்குடிகளுள் ஒரு பிரிவினராக ஏற்றுக்கொண்டது.

மட்டக்களப்புப் பறங்கியருக்கு ஒரு ரியல் வாய்க்கவில்லை. இழந்ததென்று கோருவதற்கு நிலமும் இருந்ததில்லை. ஆனால் இரு மக்களுக்குமிடையே வியப்பூட்டும் ஓர் ஒற்றுமை உண்டு. மேத்தி மக்களின் மிச்சிப் மொழியிற் பெயர்ச்சொற்கள் பிரெஞ்சு, வினைச்சொற்கள் கிறீ. மட்டக்களப்புப் பறங்கியரின் வீட்டுமொழியிற் சொற்கள் போர்த்துக்கேயம். வாக்கிய அமைப்போ தமிழ். வினை இறுதியில் நிற்கும். போர்த்துக்கேயத்தில் பெயருக்கு முன்னே வரும் 'பாரா' என்னும் இடைச்சொல், இம்மொழியில் வேற்றுமையுருபு போலத் தேய்ந்து பெயருக்குப் பின்னே ஒட்டிக்கொண்டது. 1970களில் மட்டக்களப்பில் ஆய்வு செய்த மொழியியலாளர் இயன் சிமித், தமிழோடு நெடுங்காலம் உறவாடியதன் விளைவே இம்மாற்றம் என்பதை விரிவாக எடுத்துக்காட்டினார். தந்தையர் மொழியின் சொற்களைத் தாயர் நாட்டின் இலக்கணத்திற் கோத்துப் பேசிய மக்கள் என்று இவ்விரு சமூகத்தாரையும் கூறலாம்.

போர்த்துக்கேயர் புளியந்தீவிற் கோட்டை கட்டியது 1628இல். பத்தாண்டுகளின் பின், 1638 மே மாதத்தில், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். மட்டக்களப்பிற் போர்த்துக்கேயர் கோட்டை கட்டி ஆண்ட காலம் ஒரு தசாப்தமே. ஆகவே இன்றுள்ள பறங்கியர் யாவரும் அக்கோட்டை வீரரின் நேர் வழித்தோன்றல்கள் என்று கொள்வது பொருந்தாது. தீவின் பிற பகுதிகளிலிருந்தும் போர்த்துக்கேய வழிவந்தோர் காலந்தோறும் வந்து கலந்திருத்தல் வேண்டும். ஒல்லாந்தக் குடிப்பெயர் தாங்கிய குடும்பங்களும் இவர்களிடையே உண்டு. இருந்தும் அக்குடும்பங்களின் வீட்டுமொழி போர்த்துக்கேயமாகவும் சமயம் கத்தோலிக்கமாகவும் அமைந்தமை, வீட்டை ஆண்டவர்கள் மகளிரே என்பதற்குச் சான்றாகும். வெற்றிபெற்ற ஒல்லாந்தரின் மொழி இவர்களின் அடுக்களைக்குள் நுழையவில்லை.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். பறங்கி என்பது அரபு, பாரசீக வணிகர் வாயிலாகக் கீழைநாடுகளெங்கும் பரவிய ஐரோப்பியப் பொதுப்பெயர். தமிழிலே அது ஒரு காய்க்கும் ஒரு நோய்க்கும் கூடப் பெயராயிற்று. ஒரு சமூகத்தின் பெயர் வசைபோல ஒலிக்கும் நிலையில், அப்பெயரைச் சுமந்து பள்ளிக்குச் செல்லும் சிறுவனின் உள்ளம் எத்தகையதாயிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஒல்லாந்தர் இவர்களைத் துப்பாசிகள் என்றனர். ஆங்கிலேயர் காலத்திலோ 'போர்த்துக்கேய மெக்கானிக்குகள்' என்னும் பெயர் வழங்கிற்று. இகழ்ச்சி தோன்ற இடப்பட்டதாயினும், இம்மூன்றாவது பெயரில் உண்மையொன்று பொதிந்திருந்தது.

பறங்கியர் யார் என்பதற்குச் சட்ட வரையறையொன்று 1830களின் தொடக்கத்திலே எழுந்தது. தந்தைவழியில் ஒல்லாந்தர், போர்த்துக்கேயர் அல்லது பிற ஐரோப்பியரின் வழித்தோன்றலாயிருப்பவரே பறங்கியர். தாய் எவ்வினத்தவராயினும் தடையில்லை எனத் தலைமை நீதியரசர் ரிச்சார்ட் ஒட்லி கருத்துரைத்தார். இவ்வரையறை நெடுங்காலம் நின்று நிலவியது. ஆனால் கொழும்பிலே 1908இல் ஆர். ஜி. அந்தோனிஸ் முதலியோர் அமைத்த ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் இதனினும் குறுகிய வாயிலைத் திறந்தது. தந்தைவழியில் ஒல்லாந்தக் கம்பனி ஊழியரின் மரபை வமிசாவளி காட்டி நிறுவுவோர்க்கே அங்கு இடம். வழக்கறிஞரும் மருத்துவரும் அரச உயர் அலுவலரும் நிறைந்த அச்சங்கம், தச்சுப்பட்டறையில் நின்ற மட்டக்களப்புப் பறங்கியனைத் தன்னவனாகக் கொள்ளவில்லை. சட்டசபையிலும் பின்னர் பாராளுமன்றத்திலும் பறங்கியருக்கென நியமன உறுப்பினர் இருந்தனர். 1972ஆம் ஆண்டு யாப்போடு நியமன உறுப்பினர் முறை ஒழிந்தது. அது இருந்த காலத்திலும் கொழும்பின் ஆங்கிலம் பேசும் வகுப்பாரின் குரலாகவே பெரிதும் ஒலித்தது. ஆகவே மட்டக்களப்பில் இச்சமூகத்தின் தலைமை என்பது மேலிருந்து வந்ததன்று. அது உள்ளூரிலேயே, அதுவும் எதிர்பாராத ஓரிடத்திலே, தோன்றவேண்டியதாயிற்று.

அந்த இடம் பட்டறை.

மட்டக்களப்பு தாய்வழிச் சமூக அமைப்புக்குப் பெயர்பெற்ற நாடு. குடி தாய்வழியே செல்லும். வீடும் வளவும் சீதனமாக மகளைச் சேரும். மணமகன் மனைவி வீட்டிற் சென்று வாழ்வான். தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே கைக்கொண்ட இவ்வழக்கத்தின் சாயல் பறங்கியர் குடும்பங்களிலும் படிந்தது. மாமன் மக்களை மணத்தற்குரியோராகக் கொள்ளும் உறவுமுறையும் அவர்களிடையே வேரூன்றியது. இதனால் விசித்திரமானதொரு நிலை உண்டாயிற்று. சட்டம் அவனைத் தந்தைவழிப் பறங்கியன் என்றது. ஊர் வழக்கமோ வீட்டை அவன் தமக்கைக்கும் தங்கைக்கும் கொடுத்தது. வயலில்லை, வளவு சகோதரியினது, ஐரோப்பியக் குடிப்பெயரை விற்றுச் சோறு வாங்க இயலாது. ஒரு பறங்கிச் சிறுவனுக்குத் தந்தையிடமிருந்து வரக்கூடிய முதுசம் ஒன்றே. அது உளியும் இழைப்புளியும் சுத்தியலும் அரமும், அவற்றைப் பிடிக்கும் முறையும்.

தச்சு, கொல்லுவேலை, தகரவேலை, பின்னர் இயந்திரம் திருத்தல் ஆகியவையே இவர்களின் தொழில்களாயின. தமிழ்ச் சமூகத்திலே தச்சரும் கொல்லரும் சாதியால் வரையறுக்கப்பட்டிருந்த நிலையில், பறங்கியர் அத்தொழில்களுட் புகுந்து தமக்கென ஓரிடத்தைப் பெற்றமை கவனிக்கத்தக்கது. 1970களில் இப்பகுதியில் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, ஒல்லாந்தப் பறங்கியரையும் போர்த்துக்கேய மெக்கானிக்குகளையும் ஒப்பிட்டு 1982இல் எழுதிய கட்டுரையில் இச்சமூக நிலையைத் துலக்கினார். சுற்றியிருந்தோர் கண்ணுக்குப் பறங்கியர் ஒரு தொழிற்சாதி போலவே தோன்றினர். இதனை இழிவென்று சிலர் கருதியிருக்கலாம். ஆனால் சாதியடுக்கிலே பெயரற்று நிற்பதினும், செய்யும் தொழிலால் அறியப்பட்டு நிற்பது ஒரு சிறு சமூகத்துக்குப் பாதுகாப்பாயிற்று. கதிரையின் காலோ வண்டியின் அச்சோ முறிந்தால், அதனைத் திருத்துவோன் எம்மதத்தான், எம்மொழியான் என்று எவரும் வினவார்.

பட்டறை என்பது வேலைத்தலம் மட்டுமன்று. அங்கே தொழில் கற்கும் முறையிலேயே ஓர் ஒழுங்கு அமைந்திருந்தது. சிறுவன் முதலில் மரச்சீவலைக் கூட்டுவான், துருத்தி ஊதுவான், கேட்ட கருவியை எடுத்துக் கொடுப்பான். பின்னரே உளியைத் தீட்டவும், வாளால் நேர்கோட்டில் அறுக்கவும் பழகுவான். பொருத்து இறுக்கமாக அமையும் நாள்வரை அவன் கையாளே. கற்பிப்பவர் தந்தையாகவோ, சிற்றப்பனாகவோ, மாமனாகவோ இருப்பார். ஆகவே வேலையிற் செய்த பிழை வீட்டுக்கும் தெரியும்; வீட்டிற் செய்த குறும்பு பட்டறைக்கும் தெரியும். இளைஞன் வழிதவறாதபடி இருபுறமும் கண் இருந்தது. தேர்ந்த கைவினைஞரை இலங்கைத் தமிழர் 'பாஸ்' என்பர். ஆசான் அல்லது தலைவன் எனப் பொருள்படும் ஒல்லாந்தச் சொல் அது. மூத்த பாஸ்மாரே இச்சமூகத்தின் தலைவர்கள் என்று கூறின் அது மிகையாகாது.

பட்டறையின் செல்வாக்குக்கு அப்பாற்பட்டதன்று தமிழ்மொழியும். மேசை, கதிரை, அலுமாரி, சன்னல், சாவி, அலவாங்கு, பீப்பாய் என்பன போர்த்துக்கேயம் தந்தவை. மேசையின் லாச்சி ஒல்லாந்தம் தந்தது. தச்சன் செய்து தரும் பொருள்களே இவற்றுட் பல என்பது தற்செயலன்று. இச்சொற்கள் மட்டக்களப்புப் பறங்கியர் வாயிலாகத்தான் தமிழில் நுழைந்தன என்று கொள்ள இயலாது; கரையோரம் முழுவதும் அவை பரவியிருந்தன. ஆனால் பொருளும் சொல்லும் சேர்ந்தே பயணம் செய்தன என்பதற்கும், அப்பயணத்தில் கைவினைஞனுக்குப் பங்குண்டு என்பதற்கும் அவை சான்று.

பட்டறையோடு போட்டியிட்ட மற்றொரு நிறுவனம் பள்ளிக்கூடம். வெஸ்லியன் சபையைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் பாதிரியார் 1814இல் மட்டக்களப்புக்கு வந்து கல்விப்பணியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அவர் மறைந்தபோதிலும் அவர் இட்ட வித்து மெதடிஸ்த மத்திய கல்லூரியாக வளர்ந்தது. வெஸ்லியன் பாதிரிமார் இலங்கைப் போர்த்துக்கேய மொழியையும் விட்டுவைக்கவில்லை. 1820களில் அம்மொழியிற் புதிய ஏற்பாட்டை அச்சிட்டனர். பேச்சுமொழியாகவே கருதப்பட்ட ஒன்று நூல்வடிவம் பெற்றது. எனினும் மட்டக்களப்புப் பறங்கியர் கத்தோலிக்கத்தையே பற்றிநின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிலங்கை மறைப்பணியை ஏற்ற இயேசுசபைத் துறவியர், புனித மிக்கேல் கல்லூரியைப் பெருங்கல்லூரியாக உயர்த்தினர். அருட்தந்தை பெர்டினன்ட் பொனெல் போன்ற பிரெஞ்சுத் துறவியரும், அவர்களின் பின் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்திலிருந்து வந்தோரும் அங்கே பணியாற்றினர்.

ஆங்கிலக் கல்வி பறங்கி இளைஞருட் சிலரை எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும் ஆக்கியது. ஆனால் அக்கல்வியே பட்டறைமீது ஒரு தாழ்வெண்ணத்தையும் வளர்த்தது எனலாம். கை அழுக்காகாத வேலையே மேலான வேலை என்னும் எண்ணம் குடியேற்ற ஆட்சியின் கொடை. அது தமிழ்ச் சமூகத்தையும் விட்டுவைக்கவில்லை. நல்வாய்ப்பாக, அக்காலத்தே மட்டக்களப்பிற் புதிய பொறிகள் நுழைந்துகொண்டிருந்தன. 1924இல் கல்லடிப் பாலம் திறக்கப்பட்டது. 1928இல் புகையிரதம் வந்தது. நெல் ஆலைகளும் மோட்டார் வண்டிகளும் பெருகின. 1950களில் வாழைச்சேனைக் கடதாசி ஆலை எழுந்தது. துருத்தி ஊதிய கைகள் இயந்திரங்களுக்குப் பழகின. மெக்கானிக் என்னும் பழைய இகழ்பெயர் மதிப்புள்ள தொழிற்பெயராயிற்று.

1956ஆம் ஆண்டுத் தனிச்சிங்களச் சட்டத்தின் பின் கொழும்புப் பறங்கியர் பெருந்தொகையாக அவுஸ்திரேலியாவுக்குச் சென்றனர். மட்டக்களப்பிலிருந்தும் சிலர் சென்றனர். பலருக்கு அதற்கான வசதியோ, காட்டுவதற்கு வமிசாவளியோ இல்லை. எஞ்சிய குடும்பங்களின் பிள்ளைகள் தமிழ்மொழி மூலம் கற்றனர். பாட்டியார் போர்த்துக்கேயத்திற் பேச, பெற்றோர் தமிழும் ஆங்கிலமும் கலந்து விடையிறுக்க, பேரப்பிள்ளைகள் தமிழில் வளரும் வீடுகள் தோன்றின. ஒரு மொழி சாவது மேடையிலன்று. இவ்வாறு சாப்பாட்டு மேசையிலே தான்.

இந்த வேளையிலே தான் சங்கத்தின் பணி முதன்மை பெறுகிறது. மட்டக்களப்புக் கத்தோலிக்கப் பறங்கியர் சங்கமும், பின்னாளிற் பறங்கியர் கலாசார ஒன்றியம் எனப் பெயர்பெற்ற அமைப்பும், சிதறுண்ட குடும்பங்களை ஒரு கூரையின் கீழ் கொணர முயன்றன. திருமண வீடுகளில் வயலின் இசைக்கும் பறையொலிக்கும் ஏற்ப ஆடப்படும் காப்பிரிஞ்ஞா ஆட்டத்தையும் லான்சர்ஸ் ஆட்டத்தையும் இளையோர் மறவாதபடி காத்தமை இவ்வமைப்புகளின் சாதனையாகும். வெளிநாட்டு அறிஞர்களின் வருகை இம்முயற்சிக்கு உரமூட்டியது. அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் டேவிட் ஜாக்சன் இவர்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டி ஆராய்ந்து 1990இல் நூலாக்கினார். தம் வீட்டுப் பாட்டியாரின் மொழியைக் கற்கக் கடல்கடந்து ஒருவர் வருகிறார் என்பதைக் கண்ட இளைஞனுக்கு, அதுவரை வெட்கத்துக்குரியதாகத் தோன்றிய ஒன்று மதிப்புக்குரியதாகத் தோன்றியிருக்கும். ஆயினும் ஆட்டமும் பாட்டும் ஓர் இளைஞனுக்குத் தான் யார் என்பதைக் கூறலாம். அவன் மறுநாட் காலையில் எங்கே வேலைக்குச் செல்வது என்பதைக் கூறமாட்டா. சங்கத்தின் எல்லை இதுவே. பட்டறைக்கு ஈடான ஒன்றைச் சங்கத்தால் அமைக்க இயலவில்லை.

அந்த இடைவெளியைப் பகுதியாகவேனும் நிரப்பியது இயேசுசபையினர் நடத்திய கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனம். அதன் வரலாறு அருட்தந்தை யூஜின் ஜோன் ஹேபியரின் வாழ்வோடு பின்னிப்பிணைந்தது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 1923இற் பிறந்த இவர், 1948இல் இலங்கைக்கு வந்தார். திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் பணியாற்றிய காலத்திற் கூடைப்பந்தாட்டப் பயிற்றுநராகவே நாடறியப் பெற்றார். கிழக்கின் மாணவர் கொழும்பின் பெருங்கல்லூரிகளை எதிர்த்து ஆடி வெல்லக்கூடும் என்னும் நம்பிக்கையை ஊட்டியவர் அவரே. முதுமையில் அவர் ஏற்றுக்கொண்ட பணி தொழில்நுட்ப நிறுவனத்தின் பொறுப்பாகும். இதனை ஒரு பதவியிறக்கமாகக் கருதியோரும் இருந்திருக்கலாம். ஆனால் பல்கலைக்கழக வாயில் மிகக் குறுகியதும், போர் அணுகிக்கொண்டிருந்ததுமான அக்காலத்தில், பரீட்சையில் தேறாத ஓர் இளைஞன் முன் இருந்த வழிகள் எண்ணத்தக்கவை: வெளிநாடு செல்லல், இயக்கத்திற் சேர்தல், வெறுங்கையோடு தெருவில் நின்று கைதாதல். இவற்றுக்கு மாற்றாக ஒரு கைத்தொழிலை அவன் கையில் வைப்பதே அந்நிறுவனத்தின் நோக்கமாயிருந்தது. தந்தையிடமிருந்து மகனுக்கென ஒரு சிறுசமூகத்துக்குள் நடைபெற்றுவந்த தொழிற்பயிற்சி, இவ்வாறு பொதுநிறுவனம் ஒன்றின் வாயிலாக வேறு இளைஞருக்கும் எட்டியது.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. அவ்வாண்டு ஒகஸ்ட் மாதம் மட்டக்களப்பு வரலாற்றில் இருண்ட மாதம். 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் இருந்தோர் சுட்டுக்கொல்லப்பட்டனர். 11, 12ஆம் திகதிகளில் ஏறாவூரில் முஸ்லிம் மக்கள் இரவோடிரவாகக் கொல்லப்பட்டனர். தமிழ் இளைஞர் வீதிகளிலும் முகாம்களிலும் காணாமற்போயினர். வாழைச்சேனையில் அபாயத்துக்குள்ளானவர்களுக்கு உதவச் சென்றிருந்த ஹேபியர், ஒகஸ்ட் 15ஆம் திகதி, மாதா விண்ணேற்றத் திருநாளன்று, மட்டக்களப்பை நோக்கித் தம் ஸ்கூட்டரிற் புறப்பட்டார். உடன் ஓர் இளைஞரும் சென்றார். ஏறாவூர் வழியே வந்திருக்கவேண்டிய அவ்விருவரையும் அதன்பின் எவரும் கண்டிலர். ஸ்கூட்டரும் கிடைக்கவில்லை. அவருக்கு அப்போது வயது 66. மூன்று வாரங்கள் கழித்து, செப்டெம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலையிலே கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோருள் 158 பேர் படையினராற் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களும் திரும்பவில்லை.

ஹேபியரோடு அதே ஆண்டில் இலங்கைக்கு வந்த அருட்தந்தை ஹரி மில்லர், மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் ஒருவராக நின்று, காணாமற்போனோரின் பெயர்களைப் பதிவுசெய்தார். பிள்ளையைத் தேடி வந்த தாய்மார் சொன்னவற்றை எழுதிவைப்பதே பெரும்பணியாயிருந்த காலம் அது. தொழில் கற்பித்தவர் மறைந்தார், பெயரெழுதியவர் எஞ்சினார். சமூகத் தலைமை என்பது இவ்வளவுக்குச் சுருங்கிய ஆண்டுகள் மட்டக்களப்பில் இருந்தன.

1996இல் வேறொரு முயற்சி தொடங்கியது. இயேசுசபைத் துறவியும் உளவளத் துணையாளருமான போல் சற்குணநாயகமும், கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகனும் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவை அமைத்தனர். போரினாற் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் சிறுவரைக் கிராமங்களிலிருந்து பேருந்தில் அழைத்துவந்து, மண்ணிலும் வண்ணத்திலும் கதையிலும் நாடகத்திலும் ஈடுபடச் செய்வதே அதன் முறை. படுகொலைகளால் முகம் திருப்பிக்கொண்ட ஊர்களின் பிள்ளைகள் ஒரே தோட்டத்தில் களிமண் பிசைந்தனர். இப்பூங்கா பறங்கியருக்கென அமைந்ததன்று. ஆயினும் கையால் ஒன்றைச் செய்யும்போது மனம் தன் காயத்தை ஆற்றிக்கொள்ளத் தொடங்குகிறது என்னும் அதன் அடிப்படையைப் பழைய பாஸ்மாரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

2004 டிசெம்பர் 26, ஒரு ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு மறுநாள். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்றிட்டில் அமைந்த டச்பார், ஆழிப்பேரலைக்கு நேர் எதிரே இருந்தது. அங்கே வாழ்ந்த பறங்கியர் குடும்பங்கள் பல ஒரே காலையில் அழிந்தன. தப்பியோர் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் தங்கிப் பின்னர் புதிய குடியிருப்புகளுக்குச் சென்றனர். அவர்கள் இழந்தவற்றுள் வீடுகளைக் கணக்கிட்டோர் உளர். அவ்வீடுகளின் பின்புறத்துத் தாழ்வாரங்களிலிருந்த கருவிப்பெட்டிகளைக் கணக்கிட எவருக்கு நேரம் இருந்திருக்கும்? இல்லத்தை மகளுக்கும் உளியை மகனுக்கும் கொடுத்த சமூகத்தில் இரண்டும் ஒருசேரப் போயின. மக்கில்வ்ரே மீண்டும் மட்டக்களப்புக்கு வந்து, போரும் பேரலையும் இச்சமூகத்துக்கு விளைத்த மாற்றங்களை ஆராய்ந்து 2007இல் எழுதினார்.

எனினும் 2012ஆம் ஆண்டுக் கணக்கு, இச்சமூகம் குறையாமல் ஓரளவு பெருகியே இருந்ததைக் காட்டியது. போர், பேரலை, புலப்பெயர்வு ஆகிய மூன்றையும் எண்ணும்போது இது சிறிய செய்தியன்று. அதன்பின் லிஸ்பன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஊகோ கர்டோசோவும் அவர்தம் குழுவினரும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் எஞ்சியிருக்கும் போர்த்துக்கேயப் பேச்சையும் பாடலையும் ஒலி, ஒளிப்பதிவாக்கி ஆவணப்படுத்தினர். அப்பதிவுகளிலே முதியோர் பேசுகின்றனர். அவர்களின் பேரர்களோ திருமண வீட்டிற் காப்பிரிஞ்ஞா தொடங்கியதும் கால்தவறாது ஆடுகின்றனர். பாடலின் சொற்களுக்குப் பொருள் கேட்டால், பாட்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தமிழிலே விடை கூறுகின்றனர்.